மணவாளனின் நீல பத்மினி

கஜபதிக்கு எதையும் தடவிப் பார்க்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் கம்பியைத் தடவுவார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மண்டபத்துக் கதவைத் தடவுவார். எங்கே மேடு, எங்கே பள்ளம், எவன் அவசர அவசரமாக வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடினான் என்பதையெல்லாம் விரல் சொல்லிவிடும். விரல் சொன்னதை வாயும் சும்மா வைத்துக்கொள்ளாது. சொந்த மச்சினன் புதுக் கார் வாங்கி, மாலை போட்டு, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது பின்கதவைத் தடவிவிட்டு, "இது எங்கியோ இடிபட்டு மறுபடி பெயிண்ட் அட்ச்ச வண்டி" என்று சொன்னார். அதோடு அந்தக் குடும்பம் தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. அவர் சொன்னது உண்மைதானா என்று கேட்டால், உண்மைதான். அதனால் என்ன பிரயோஜனம்?

ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற ஃபேக்டரியில் இளவட்டமாகப் பெயிண்ட் ஷாப்புக்குள் போனவர், தலை நரைத்து அதே பெயிண்ட் ஷாப்பிலிருந்துதான் வெளியே வந்தார். அத்தனை வருஷமும் அடித்தது ஒரே பச்சை. சேற்றில் புரளப்போகிற வண்டிக்குக் கண்ணாடி மாதிரி பட்டி பார்க்கிறானே இந்த மனுஷன் என்று கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். கஜபதி சிரிக்க மாட்டார். சரியில்லை என்று பட்டால் காய்ந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சரியாக வந்தால் வண்டியை அவரே ஓட்டிக்கொண்டுபோய் வெளியே நிறுத்துவார். அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவசர வேலை என்றால் அவர் பக்கமே வர மாட்டார்கள்.

ஓய்வு பெற்றபின் நசரத்பேட்டையில் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னால் கார் நிறுத்துகிற அளவுக்கு ஒரு போர்ட்டிகோ, சுற்றிக் காம்பவுண்டு, ஒரு இரும்பு கேட். தெரு முனையில் ஒரு பெரிய கோடௌன். அங்கே வந்து போகிற கண்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசி எப்போதும் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். மகன் கௌதம் பெங்களூரில் வேலை பார்த்தான். வீட்டில் கஜபதியும் அவர் மனைவி லோகநாயகியும்தான். செய்ய ஒன்றுமில்லாமல் கஜபதி ஃபிரிட்ஜுக்குப் பெயிண்ட் அடித்தார். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், அது பிடிக்காமல் மறுபடி அடித்தார். கிரைண்டர் பக்கம் வந்தால் கையை உடைத்துவிடுவேன் என்று லோகநாயகி சொன்னபிறகு திண்டாடிப்போனார். ஆள் பகலிலேயே படுக்க ஆரம்பித்தார், சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். இப்படியே போனால் இந்த மனுஷன் தாங்க மாட்டார் என்று லோகநாயகிக்கு உள்ளுக்குள் பயம்.

அந்த நேரத்தில்தான் மணவாளன் அந்தக் காரோடு வந்து நின்றார்.

மணவாளன் அதே ஃபேக்டரியில் ஸ்டோர்ஸில் இருந்தவர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஃபேக்டரி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் வந்தவர்கள். மணவாளனுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடையாது. சொந்தமாகக் கார் வாங்க வேண்டும் என்பது ஆளுடைய ஆயுள்கால ஆசை. இளவயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தார். கார் இல்லாமலே அந்த லைசென்ஸை ஒவ்வொரு தடவையும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு வந்தார். மகள் ரேஷ்மாவின் படிப்பு, கல்யாணம், பிரசவம் என்று கார் தள்ளிக்கொண்டே போனது. எல்லாம் முடிந்து மூச்சு விட்டபோது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்று சிறுநீரகமெல்லாம் அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்த நிலைமையில்தான் மனுஷன் கார் வாங்கினார். அம்பத்தூரில் ஒரு வீட்டு மாமரத்தடியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்த பிரீமியர் பத்மினி. கண்ணாடியெல்லாம் பறவை எச்சம், கதவுக்குள் எறும்புப் புற்று. லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து கஜபதி வீட்டுப் போர்ட்டிகோவில் இறக்கினார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி புடைத்திருந்த கையால் பானெட்டைத் தட்டினார்.

"மச்சான், இத நீதான் பாத்துக் குடுக்கணும். பச்ச மட்டும் வேணாம். வானம் கலர்ல அட்ச்சி குடு."

"இன்னாத்துக்குடா இந்த நேரத்துல இதெல்லாம்?" என்றார் கஜபதி.

"ஒரே ஒரு தபா. பக்கத்துல ஷோபனாவ குந்த வச்சிகினு, என் கையால பெங்களூர் ரோட்ல ஓட்டணும். அதுக்கப்புறம் போய்ட்டாக்கூட பரவால்ல."

ஷோபனா அவர் மனைவி. பக்கத்தில் நின்றுகொண்டு, "வாய வச்சிகினு சும்மா இருங்க" என்றார். ஆனால் அவரும் காரை ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஜபதி அன்றைக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இன்ஜினை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நாகப்பன் கழற்றி எடுத்துப் போய் வேலை பார்த்தார். நாகப்பன் வேலை சுருக்க முடிந்துவிட்டது. "பாடியை முட்சிட்டு போன் போடு அண்ணாத்தே, வந்து மாட்டிக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு இன்ஜினை ஓரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். முடியாமல் கிடந்தது கஜபதியின் வேலைதான்.

முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டினார். கீழே துரு அரித்து ஓட்டையாக இருந்த இடங்களில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பட்டி வைத்து, தண்ணீர் தொட்டு எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, தடவிப் பார்த்து, சரியில்லை என்று எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி பட்டி வைத்தார். வலது பக்க மட்கார்டில் மட்டும் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷன் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மணவாளன் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவை இந்தப் பக்கம் விடச் சொல்வார். முகம் வெளுத்து, கையில் கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்.

"இன்னாடா, போன வாரம் பாத்த மாதிரியே கீது."

"இர்றா. இங்க பாரு, கண்ணுக்குத் தெரியாது, ஆனா விரல்ல படுது."

"எவன்டா தடவிப் பாக்கப் போறான்? அட்ச்சி வுடுடா, நான் ஓட்டணும்."

"ஒரு மாசம் மச்சான்."

அந்த ஒரு மாசம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் மேலே பால் படர்ந்த மாதிரி வெளுத்துவிடும் என்று கஜபதி காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். மழை விட்ட பிறகும் பனி என்றார். மணவாளனின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. ஆட்டோவிலிருந்து இறங்க ஷோபனா தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

"அந்த மனுஷன் உசுரோட இருக்கும்போதே முடிங்க" என்று லோகநாயகி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "அவரு என்ன பொண்ணு பாக்கவா போறாரு, பளபளன்னு வேணும்றதுக்கு?"

கஜபதி அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போர்ட்டிகோவுக்குப் போனார். அவருக்கு வேலை செய்யத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. அந்தக் கார் வந்த நாளிலிருந்து அவர் வேளைக்குப் பசித்துச் சாப்பிட்டார், படுத்தவுடன் தூங்கினார். முடிந்துவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது என்கிற எண்ணம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எமரி பேப்பரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

தை பிறந்ததும் இன்ஜின் உட்காருகிற அறைக்குள் இறங்கினார். அங்கே பின்பக்கத் தகட்டில் ஒரு சின்ன உலோகப் பிளேட் இருந்தது. காரைச் செய்த கம்பெனியின் பெயரும் வண்டியின் நம்பரும் அதில் இருந்தன. ஃபேக்டரியிலும் அப்படித்தான். வண்டியின் நம்பர் என்றால் அது ஒரு பிளேட். பெயிண்ட் அடிக்கும் முன் கழற்றிப் பத்திரப்படுத்தி, அடித்து முடித்ததும் திருப்பி மாட்ட வேண்டும். பிளேட்டைத் தொலைத்தவனுக்கு மெமோ கிடைக்கும். கஜபதி அந்தப் பிளேட்டின் ரிவெட்டுகளைத் தட்டி எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சாமி அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். பிறகு இரும்பு அரைக்கிற கை கிரைண்டரை எடுத்துக்கொண்டு தகட்டைச் சுத்தம் செய்தார். கட்டிக் கட்டியாகக் கறுப்புத் தார் பூச்சு. அதற்கடியில் ஒரு இடத்தில் வரிசையாகச் சொரசொரவென்று விரலில் பட்டது. துரு அரித்த குழிகள் என்று நினைத்தார். குழி போகும்வரை அரைத்தார். மேலே மெல்லிசாகப் பட்டி, பிரைமர். தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

பெயிண்ட் அடித்த நாளைச் சொல்லியாக வேண்டும். லாரிகள் கிளம்பும் முன் விடியற்காலையில் போர்ட்டிகோ தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, லோகநாயகியின் பழைய புடவைகளை நனைத்துச் சுற்றிலும் கட்டித் தூசிக்குத் தடுப்பு போட்டார். மூக்குக்கு மாஸ்க், கையில் ஸ்ப்ரே கன். ஒரே சீராக, கை எங்கேயும் நிற்காமல் அடித்தார். புடவைகளை அவிழ்த்தபோது வெயில் காரின் மேல் விழுந்தது. லோகநாயகி காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். காருக்காக நிற்கவில்லை. புருஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைக் கல்யாணமான புதிதில்கூட அவர் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

நாகப்பன் வந்து இன்ஜினை மாட்டினார். முதல் சாவியிலேயே வண்டி கிளம்பியது. மணவாளன் வந்து குனிந்து கதவில் தன் முகத்தைப் பார்த்தார்.

"இவ்ளோ தெளிவா காட்டாதடா, பயமா கீது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பேப்பர் காலாவதியாகி வெகுநாள் ஆன வண்டி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ரோடு என்று மணவாளன் நாள் குறித்துவிட்டார். ஷோபனா பொட்டலம் கட்ட வேண்டியவற்றை யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பேப்பர் இல்லாத வண்டியை ரோட்டில் உருட்டக் கூடாது என்பதில் கஜபதி கறார். லோடு வண்டியில் ஏற்றி, துணி போட்டு மூடித்தான் ஆபீஸுக்குக் கொண்டுபோனார். மணவாளனுக்கு அன்றைக்கு டயாலிசிஸ். "முடிஞ்சதும் போன் போடு" என்று சொல்லியிருந்தார். அங்கே எல்லா வேலையையும் முடித்துத் தர வேலுசாமி என்ற புரோக்கரை ஏற்பாடு செய்திருந்தார்கள். வேலுசாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்னா சார் இது, சாமி தேர் மாதிரி இழைச்சி வச்சிருக்கீங்க" என்றார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒரு மெல்லிய வெள்ளைத் தாளும் பென்சிலுமாகக் குனிந்தார்.

"சேசிஸ் நம்பர் எங்க சார்?"

கஜபதி பெருமையாகப் பிளேட்டைக் காட்டினார். புது ரிவெட்டில் அது மின்னியது.

"இது பிளேட்டு. நான் கேக்கறது பாடில பன்ச் பண்ணிருப்பாங்களே, அந்த நம்பர். அதுமேல பேப்பர் வச்சி பென்சில்ல தேச்சி எடுத்து ஒட்டணும்."

வேலுசாமி தாளைத் தகட்டின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். இடம் மாற்றி மாற்றித் தேய்த்தார். தாள் முழுக்கக் கறுப்பு சீராகப் படிந்தது. ஒரு எழுத்து, ஒரு எண் எழும்பவில்லை. கஜபதியின் விரல்களுக்கு அப்போது அந்தச் சொரசொரப்பு ஞாபகம் வந்தது. வரிசையாக இருந்ததே, துரு எப்படி வரிசையாக அரிக்கும் என்று அன்றைக்கு ஒரு நொடி யோசித்தோமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. லோடு வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். மரியாதையான மனிதர்தான். வெறுந்தகட்டைப் பார்த்தார், புது ரிவெட்டுகளைப் பார்த்தார், பிறகு கஜபதியின் முகத்தைப் பார்த்தார்.

"நம்பரை அரைச்சு எடுத்திருக்கீங்க. பிளேட்டைக் கழட்டிப் புதுசா அடிச்சிருக்கீங்க. திருட்டு வண்டியில இப்படித்தான் சார் செய்வாங்க."

"சார், நான் கவர்மென்ட் ஃபேக்டரில பெயிண்டரா இருந்தவன் சார். துருன்னு நெனச்சிட்டேன்."

"இருக்கலாம். நீங்க சொல்றதை நான் நம்பறேன்னே வச்சுக்குங்க. ஆனா போலீஸ்ல எழுதி வாங்கணும், லேப்ல சோதனை பண்ணணும், அப்புறம்தான் புது நம்பர் பன்ச் பண்ண உத்தரவு வரும். மாசக் கணக்காகும். அதுவரைக்கும் இந்த வண்டி ரோட்ல வரக் கூடாது. எங்கேயாவது பிடிச்சாங்கன்னா கேஸ் ஆயிடும், சொல்லிட்டேன்."

போன் அடித்தது. மணவாளன். கஜபதி எடுத்தார்.

"முட்சிதாடா?"

"அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க மச்சான். இன்ஸ்பெக்டர் லீவு" என்றார் கஜபதி. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தில் மட்டும் ரிமூவர் ஊற்றித் தன் பெயிண்டைத் தானே வழித்தார். நீலம் போனது, பிரைமர் போனது, பட்டி போனது. ஏதாவது ஒரு எண்ணின் வால் மிச்சமிருக்காதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். தகடு சுத்தமாக மின்னியது. அவர் வேலையில் எப்போதும் மிச்சம் வைக்கிறவர் இல்லை.

பொய் அடுத்த வாரமும் போனது, அதற்கடுத்த வாரமும் போனது. இன்ஸ்பெக்டர் லீவு, அப்புறம் கம்ப்யூட்டர் ரிப்பேர், அப்புறம் எலெக்‌ஷன் டியூட்டி. போனில் மணவாளனின் குரல் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெலிந்து கேட்டது. கடைசியில் லோகநாயகிதான் பொறுக்காமல், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். கஜபதி மண்ணூர்பேட்டைக்குப் போய், மாடிப் போர்ஷனில் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

மணவாளன் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்."

"அப்றம் இன்னா. ஞாயித்துக்கெழம வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷோபனாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை போட்டிருந்தார், அது தோளில் தொங்கியது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த ஷோபனா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மணவாளன் காரின் கூரையில் உள்ளங்கையை ஊன்றி, மெல்லத் தன்னை உள்ளே இறக்கிக்கொண்டார். அவர் கை பட்ட இடத்தைக் கஜபதியின் கை பனியன் துணியால் துடைத்துவிட்டது. அவர் நினைத்துச் செய்யவில்லை. கை அது பாட்டுக்குச் செய்தது. மணவாளன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார்.

இன்ஜின் கிளம்பியது. போர்ட்டிகோவிலிருந்து வண்டி ஊர்ந்து வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. மணவாளன் ஜன்னலைக் கீழே இறக்கினார்.

"கேட்ட தொறடா."

கஜபதி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேணாம் மச்சான்."

"பெங்களூர் ரோடெல்லாம் வேணாம். தெருமுக்கு வரிக்கும் போய்ட்டு திரும்பிர்றேன். கோடௌன தாண்டக்கூட மாட்டேன்."

"சொன்னா கேளு. மாட்னா திருட்டு வண்டின்னு எழுதுவாங்க. ஸ்டேஷன்ல குந்த வச்சிருவாங்க."

"குந்த வெக்கட்டும். ஆஸ்பத்திரில குந்தறதுக்கு அது ஒண்ணும் மோசமில்ல."

"ஏங்க, தொறந்து வுடுங்க" என்றார் லோகநாயகி பின்னாலிருந்து. "நம்ம தெருதான. யாரு இருக்காங்க?"

தெருவில் ஒருவருமில்லை. எதிர்வீட்டு நாய் படுத்திருந்தது. ஷோபனா மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கஜபதிக்குக் கை வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மெமோகூட வாங்காத மனுஷன். போலீஸ், கேஸ், பென்ஷன் என்ற மூன்று சொற்களும் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அது மட்டுமாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். தெருவில் புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லி கேட் கம்பிகளுக்கு நடுவே அவர் கண்ணில் பட்டது. டயர் தெறித்தால் கதவின் அடிப்பக்கம் பெயிண்ட் பெயர்ந்துவிடும் என்று அந்த நேரத்திலும் அவர் புத்தி கணக்குப் போட்டது. இதை அவர் லோகநாயகியிடம்கூடச் சொன்னதில்லை.

மணவாளன் ஒரு தடவை ஹாரனை அழுத்தினார். பத்மினி ஹாரன் கரகரவென்று சத்தம் போட்டது. கஜபதி அசையவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மணவாளன் சாவியைத் திருப்பி அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் அட்ச்சிருக்கடா" என்றார்.

ஆட்டோவில் திரும்பிப் போகும்போது அவர் கையசைத்தார். ஷோபனா கையசைக்கவில்லை.

அந்த மாசமே மணவாளனுக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் ஊசி போகிற இடத்தில் கிருமி பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கஜபதி பார்க்கப் போனபோது மூக்கிலும் வாயிலும் குழாய். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க நினைத்து, சொல் வராமல், "சீக்கிரம் எழுந்து வா மச்சான், நான் கேட்ட தொறந்து வெக்கறேன்" என்றார். மணவாளனுக்குக் கேட்டதா என்று தெரியாது. மறுநாள் மதியம் செய்தி வந்தது.

காரியம் முடிந்த அன்று கஜபதி ஷோபனாவிடம், "தங்கச்சி, கார இன்னா பண்றது?" என்று கேட்டார். ஷோபனா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களே வச்சிக்குங்கண்ணே. உங்க வேலைதான அது முழுக்க" என்றார் ஷோபனா. பிறகு எழுந்து, வந்தவர்களுக்கு இலை போடப் போய்விட்டார்.

அதற்கப்புறம் கஜபதி காருக்குப் பக்கத்தில் போகவில்லை. தூசி படிந்தது, தடவிப் பார்க்கவில்லை. மறுபடியும் பகலில் படுக்க ஆரம்பித்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்து, கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார். லோகநாயகி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி தெருவில் இறங்கிவிட்டது. ஜல்லி தெறித்துக் கதவடியில் படபடவென்று அடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. கோடௌனைத் தாண்டி, தெருமுக்கில் திரும்பி, நெடுஞ்சாலைக்கு வந்தார்.

பூந்தமல்லிக்குப் போகும் வழியில், சிக்னல் பக்கம் போலீஸ் நின்று வண்டிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் பத்மினியைப் பார்த்துக் கை காட்டினார். கஜபதி நிறுத்தினார். அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருந்தது.

போலீஸ்காரர் இளவயதுக்காரர். குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"எங்க தாத்தா காலத்து வண்டி சார் இது. எங்க அட்ச்சீங்க பெயிண்ட்டு? சூப்பரா கீது."

"சார், இதுக்குப் பேப்பர் இல்ல" என்றார் கஜபதி. "சேசிஸ் நம்பரும் இல்ல. நான்தான் அழிச்சிட்டேன்."

போலீஸ்காரர் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மழிக்காத தாடி, மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.

"ஒண்ணும் இல்ல சார், பேப்பரெல்லாம் மொள்ளமா எடுத்துக்கலாம். இப்ப கெளம்புங்க, டிராபிக் ஆவுது."

"இல்ல சார், புடிங்க. ஸ்டேஷனுக்கு வேணா வரேன். நம்பர் இல்லாத வண்டி சார்."

"ஊட்ல எதுனா பிரச்சனையா சார்?" போலீஸ்காரர் குரலைத் தணித்துக் கேட்டார். பிறகு கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். "போங்க சார். பாத்துப் போங்க."

கஜபதி கியரைப் போட்டார். சிக்னலைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. அழுது முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பி, பெங்களூர் போகிற பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு மதியம்வரை ஓட்டினார். வழியில் அவரை யாருமே நிறுத்தவில்லை.